சம்பந்தியின் இருமல்

மேல்மாடி,
பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இனி உங்களோடு பேசமாட்டேன் என்று கல்யாண வரவேற்பில் நாலு பேர் முன்னால் சொன்னேன். அந்த வார்த்தையிலிருந்து நான் மாறவில்லை. ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

என் மகனும் உங்கள் மகளும் வெளிநாட்டில் இருந்துகொண்டு, நம் இருவரையும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடிவைத்து, ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். இப்போது எனக்கு உண்மையாகவே ஒரு துணை தேவைப்படுகிறது.

என் இருமலுக்கு ஒருவழியாகக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். சோபா தைக்கிறவன், பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிறவன், இருமாமல் என்ன செய்வான் என்று இத்தனை வருடம் எல்லா டாக்டரும் சொன்னார்கள். மூன்றாவது முறை நிமோனியாவில் படுத்தபோது ஒரு சின்ன வயது டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்தார். "தூசி மேல பழி போடாதீங்க. நோயை எதிர்க்கிற சத்தை உங்க உடம்பு போதுமான அளவு தயாரிக்கல, அவ்வளவுதான்" என்றார். மற்றவர்கள் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து அந்தச் சத்தைப் பிரித்துச் சீசாவில் அடைக்கிறார்கள். பெயர் இம்யூனோகுளோபுலின். மாதாமாதம் ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார்கள். என் நரம்புகளோ ஊசியைக் கண்டால் ஒளிந்துகொள்கின்றன. ஆகவே இனி வாரத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே, என் வயிற்றுத் தோலுக்கு அடியில், நானே ஏற்றிக்கொள்ள வேண்டுமாம்.

அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஏற்றும்போது கூப்பிடு தூரத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். மருந்து உறையக் கூடாது. என் ஃப்ரிட்ஜில் தண்ணீர் வைத்தாலே கல்லாகிவிடுகிறது.

மே மாதம் பேத்தியோடு வருகிறார்கள். வாராவாரம் தவறாமல் ஏற்றி, ரத்தத்தில் அளவு சரியாக இருந்தால்தான் பிள்ளையைத் தூக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. இல்லாவிட்டால் தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான். பேத்தியைத் தள்ளி நின்று பார்க்க என்னால் முடியாது. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மேல்மாடி


கீழ்வீடு,
பிப்ரவரி 3

மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு,

கடிதம் படியில் கிடந்தது. படித்தேன்.

ரயில் நிலையத்தில் முப்பது வருடம் அறிவிப்பாளராக இருந்தவள் நான். வண்டி இரைச்சல், இடிமழை எதுவும் என் குரலை அமுக்கியதில்லை. என் மகளின் வரவேற்பில், நான் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய நாலு பக்க உரையை உங்கள் இருமல் அமுக்கியது. கடைசி வரிக்கு வந்தபோது உங்களுக்கு ஒரேயடியாக இருமல் பிடித்துக்கொண்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சம்பந்தி முடிச்சதும் நான் தொடர்றேன்" என்று மைக்கில் சொன்னேன். கூட்டம் சிரித்தது. நீங்கள் எழுந்து போனீர்கள். நான் தொடரவே இல்லை.

அது வியாதி என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்?

போகட்டும். மகள் தினமும் போனில் "மாமா எப்படிம்மா இருக்காங்க?" என்கிறாள். "நல்லா இருக்காரு" என்று பொய் சொல்லி அலுத்துவிட்டது. இனி அதில் கொஞ்சம் உண்மை இருந்தால் எனக்கும் சௌகரியம்.

பேச்சு கிடையாது. கைத்தடியால் தரையில் தட்டுங்கள். இரண்டு தட்டு என்றால் ஊசி ஏறிவிட்டது. மூன்று தட்டு என்றால் முடிந்தது. விடாமல் தட்டினால் மேலே வருவேன். சீசாவை என் ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டில் வைக்கலாம். முட்டைக்கு வேறு இடம் பார்த்துவிட்டேன்.

அந்த மருந்தின் பெயரைக் கண்ணாடி முன் நின்று ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தேன். வந்துவிட்டது.

கீழ்வீடு


மேல்மாடி,
பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

மருந்தை மெல்ல மெல்ல உள்ளே தள்ளும் சின்ன பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். எனக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் இன்று காலை நடந்ததற்கு விளக்கம். நர்ஸ் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார். சீசாவைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, அது என் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. கைத்தடியால் எட்டி எடுக்கப் பார்த்தேன். தடி தரையில் டொக்கு டொக்கென்று இடித்ததை நீங்கள் விடாமல் தட்டுவதாக எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டீர்கள். பாதி உடம்பு கட்டிலுக்கு அடியிலும் பாதி வெளியிலுமாக ஒரு சம்பந்தி கிடக்கும் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டாம். நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. துடைப்பத்தால் சீசாவை வெளியே தள்ளிவிட்டு இறங்கிப் போனீர்கள். "உங்க வீட்டுல யாரும் பேசிக்கவே மாட்டீங்களா?" என்று நர்ஸ் கேட்டார். மௌன விரதம் என்று சொல்லி வைத்தேன்.

வயிற்றில் மருந்து இறங்குகிற இடம் இட்லி அளவுக்கு மேடாக எழும்பியிருக்கிறது. ஓரிரு நாளில் வற்றிவிடுமாம். ஊசியைக் குத்தியது நர்ஸ்தான். நாற்பது வருடம் சோபாவுக்கு ஊசி போட்ட எனக்கு இது என்ன பெரிய வேலை, அடுத்த வாரம் நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மேல்மாடி


கீழ்வீடு,
பிப்ரவரி 18

சம்பந்திக்கு,

காட்சியை மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். முடியவில்லை. நேற்று முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். மகள் போனில் "என்னம்மா இவ்வளவு குஷியா இருக்கே?" என்றாள்.

பம்ப் முடிந்ததும் கீ கீ என்று கத்துகிறதே, அது கீழே தெளிவாகக் கேட்கிறது. தொழில்காரி என்ற முறையில் சொல்கிறேன்: குரல் மட்டம், ஆனால் உச்சரிப்பு பிசகவில்லை. இனி அது கத்தும்வரை நான் சமையலறையை விட்டு நகரமாட்டேன்.

கீழ்வீடு


மேல்மாடி,
மார்ச் 10

சம்பந்தி அம்மாவுக்கு,

நர்ஸ் வருவது நின்றுவிட்டது. நானே போட்டுக்கொள்கிறேன். ஒரு குறையும் இல்லை. நலம்.

மேல்மாடி


கீழ்வீடு,
மார்ச் 11

சம்பந்திக்கு,

கட்டிலுக்கு அடியில் போன கதையைப் பம்ப் ஓடும் நேரத்தில் இரண்டு பக்கம் எழுதிய மனிதர், நாலே வரியில் "நலம்" என்று எழுதினால் நான் நம்பிவிட வேண்டுமா?

போன வாரமும் இந்த வாரமும் இரண்டு தட்டு கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து மூன்று தட்டும் கேட்டது. நடுவில் கீ கீ கேட்கவில்லை. நான் முப்பது வருடம் காதை வைத்துப் பிழைத்தவள். என் காதிலேயே பூ சுற்றுகிறீர்களா?

இன்னொன்று. ஒரு மாதமாக அடங்கியிருந்த இருமல் நேற்று ராத்திரி திரும்ப வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஒளித்து வைப்பானேன், பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் நாலாவது முறை நிமோனியாவில் படுத்தால், மே மாதம் அந்தப் பிள்ளைகள் விமானத்தை விட்டு இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். என் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? உண்மையை எழுதுங்கள்.

கீழ்வீடு


மேல்மாடி,
மார்ச் 11, மாலை

சம்பந்தி அம்மாவுக்கு,

மாட்டிக்கொண்டேன். எழுதிவிடுகிறேன்.

நர்ஸ் இல்லாமல் முதன்முதலாகக் குத்திய அன்று, விதிப்படி ஊசிக் குழாயைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்த்தேன். ரத்தம் வந்தது. அப்படி வந்தால் பிடுங்கிவிட்டுப் புது ஊசியை வேறு இடத்தில் குத்த வேண்டும். பிடுங்கினேன். மறுபடி குத்தக் கை வரவில்லை. ஊசி தோலுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிடுகிறது. சோபா அலறாது, சம்பந்தி அம்மா. அதனால்தான் நாற்பது வருடம் வீரனாக இருந்தேன்.

தட்டிவிட்டு, ஒரு மணி நேரம் பேப்பர் படித்துவிட்டு, மறுபடி தட்டினேன். மருந்தைக் கொட்டவில்லை. அதற்கு எத்தனை பேர் ரத்தம் கொடுத்திருப்பார்கள். பீரோவில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெளியில் இருந்தாலும் கொஞ்ச காலம் கெடாது என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போய்விடலாமா என்று பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மேல்மாடி


கீழ்வீடு,
மார்ச் 12

சம்பந்திக்கு,

ஆஸ்பத்திரியும் வேண்டாம், வெட்கமும் வேண்டாம். இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, இரண்டு வாரம் விட்டுப்போனதையும் இருமல் திரும்பியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு நாளைக் காலை பத்து மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு, எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வைத்து, அறைக் கதவைத் திறந்து வைத்திருங்கள். நான் படியில் உட்கார்ந்து, நர்ஸ் கொடுத்த தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக அறிவிப்பேன்.

இது பேச்சு ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. அறிவிப்பு வேறு, பேச்சு வேறு. முப்பது வருடம் ஊருக்கே அறிவித்தேன், அதற்காக ஊரோடு பேசினேன் என்று அர்த்தமா?

கீழ்வீடு


மேல்மாடி,
மார்ச் 13

சம்பந்தி அம்மாவுக்கு,

டாக்டரம்மாவிடம் நேற்றே வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருமலுக்கு மாத்திரை எழுதினார். ஊசியை இனி ஒரு வாரம்கூட விடக் கூடாது என்றார்.

இப்போது பம்ப் ஓடுகிறது. நிஜமாகவே ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் கத்தும், கேட்டுக்கொள்ளுங்கள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வயிற்றின் இடதுபுறம் செல்லும் ஊசி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். தோலை இரண்டு விரல்களால் கிள்ளிப் பிடிக்கவும்" என்று நீங்கள் ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது வயிறு குலுங்குகிறது, குலுங்குகிற வயிற்றில் எப்படிக் குத்துவது? நான் தயங்கியது உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ, "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்றீர்கள். அந்த இடத்தில்தான் குத்தினேன். குத்திய பிறகுதான் குத்திவிட்டேன் என்பதே தெரிந்தது. பின்னால் இழுத்துப் பார்த்தேன். ரத்தம் இல்லை.

எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு ஓடிவந்து, எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று ஜன்னல் வழியாக என்னைக் கேட்டார்.

வாராவாரம் அறிவிக்க முடியுமா?

மேல்மாடி


கீழ்வீடு,
மார்ச் 14

சம்பந்திக்கு,

முடியும்.

கீழ்வீடு


மேல்மாடி,
ஏப்ரல் 28

சம்பந்தி அம்மாவுக்கு,

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அளவு நன்றாக ஏறியிருக்கிறதாம். "தாராளமா பேத்திய தூக்குங்க" என்றார் டாக்டரம்மா. அவருக்குத் தெரிவதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது. அவர்தானே எனக்குச் சொன்னார், அதனால் வேறு வழியில்லை.

இருமல் நின்று பல வாரம் ஆகிறது. ராத்திரி எழுந்து உட்கார்ந்து, ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று யோசிக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் இன்னும் ஒரு தடவை ஊசி போட வேண்டும். ஒரு மணி நேரம் நான் எங்கேயும் எழுந்து போக முடியாது. அன்றைக்குப் பாதியில் நின்ற உரை உங்களிடம் இன்னும் இருந்தால், படியில் உட்காராமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து படிக்கலாம். வாசிப்பும் பேச்சு ஆகாது என்றே நினைக்கிறேன்.

மேல்மாடி


கீழ்வீடு,
மே 5

சம்பந்திக்கு,

நான் இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆற்றாமையால் எழுதுகிறேன்.

பெட்டியின் அடியிலிருந்து அந்த நாலு பக்கத்தையும் தேடி எடுத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, மாடி ஏறி வந்தேன். நாலு பக்கமும் படித்தேன். கடைசி வரியைப் படித்து முடித்துத் தலை நிமிர்வதற்குள் இருமினீர்கள். அன்றைக்கு இருமிய அதே இடத்தில்.

உங்கள் பம்புக்கு இருந்த மரியாதைகூட உங்களுக்கு இல்லை. நான் முடிக்கும்வரை அந்த இயந்திரம் வாயைத் திறக்கவில்லை. கதவை நான் ஓங்கிச் சாத்தியதாக நினைத்தால், ஆமாம், ஓங்கித்தான் சாத்தினேன்.

கீழ்வீடு


மேல்மாடி,
மே 5, மாலை

சம்பந்தி அம்மாவுக்கு,

அந்த இயந்திரத்தைப் புகழாதீர்கள். நீங்கள் மூன்றாம் பக்கத்தில், உங்கள் மகள் பள்ளிக்கூடப் பையைத் தொலைத்த கதையைப் படித்துக்கொண்டிருந்தபோதே அது முடிந்து கத்த ஆரம்பித்துவிட்டது. மடியில் இருந்த தலையணையை அதன் மேல் போட்டு இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். ஊசியைக் கழற்றவில்லை. கழற்றினால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். உங்கள் காதுக்குத் தப்பியது இந்த ஒரு தடவைதான்.

இருமலைப் பற்றி. அது இருமல் இல்லை.

"என் பெண்ணுக்கு மூணு வயசுல அப்பா போயிட்டாரு. இன்னைக்கு இந்த மேடையில அவளுக்கு ஒரு அப்பா கிடைச்சிருக்காரு. அதோ, அங்க உட்கார்ந்திருக்காரு, எல்லாரும் பார்த்துக்குங்க." இதுதான் கடைசி வரி என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் என்னைப் பற்றி மேடையில் சொல்ல ஏதோ குத்தலாக எழுதி வைத்திருந்தீர்கள், நல்லவேளை இருமல் காப்பாற்றியது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. சம்பந்தி முன்னால் எப்படி அழுவது? எனக்குத் தெரிந்த ஒரே வழி இருமல். ஆயுசு முழுக்க அதைத்தானே பழகியிருக்கிறேன்.

நாளைக்கு விமான நிலையத்துக்கு வண்டி சொல்லியிருக்கிறேன். இரண்டு வண்டி வேண்டாம், ஒன்றே போதும். நெடுந்தூரப் பயணம், வழி முழுக்க இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வந்தால் டிரைவர் பயந்துவிடுவார். நீங்களே ஏதாவது அறிவித்து ஆரம்பித்து வையுங்கள். நான் பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பெண்ணின் அப்பா