என் போனில் மட்டும் முதலில் வரும் கடை

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

ஊர்ப் பெயர் போட்டு மிக்ஸி ரிப்பேர் என்று இணையத்தில் தேடினால் நம் கடைதான் முதலில் வருகிறது என்று பீற்றிக்கொண்டேனே, அது என் போனில் மட்டும்தானாம். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் தன் போனில் தேடியபோது பத்துக் கடைகளுக்குக் கீழே கிடந்தது.

"தினமும் நீயே தொறந்து தொறந்து பாக்குறே. அதான் உனக்கு மட்டும் மேல காட்டுது" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

புதுப் படங்கள் சேர்த்தால் கொஞ்சம் மேலே வருமாம். கடை வாசலைப் படமெடுத்து அனுப்புங்கள். பழையதில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. நீங்களும் நில்லுங்கள், ஆள் இருப்பது தெரியட்டும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இன்னொரு படத்தில் அம்மாவும் பக்கத்தில் நிற்கட்டும். அது கடைக்கு இல்லை.

உங்கள் மகன்