மனப்பாடம் இல்லாத நம்பர்

மார்ச் 4

நாளை அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். அம்மா இறந்தபின் வந்த சண்டை. ஆறு வருஷமாகப் போக்குவரவு இல்லை. போன வருஷம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசி நிமிஷத்தில் வீம்பு பிடித்துப் போகாமல் இருந்துவிட்டேன். போன வாரம் அவரே போன் செய்தார். "நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்ட்ல நிப்பேன். இந்தத் தடவையும் ஏமாத்தினே, அத்தோட முடிஞ்சுது."

மார்ச் 5, பஸ்ஸில்

போன் வீட்டில். சமையல் மேடையில், சார்ஜில். பாதி வழியில்தான் தெரிந்தது. இறங்கித் திரும்பினால் அடுத்த பஸ் மாலையில்தான். கை தானாகப் பையைத் துழாவுகிறது. இல்லை என்று தெரிந்தே துழாவுகிறது! பக்கத்து சீட்டுக்காரரிடம் மூன்று முறை மணி கேட்டுவிட்டேன். நான்காவது முறை வாயைத் திறக்குமுன் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதே நாள், ஐந்தரை மணி

அண்ணனைக் காணோம். ஒன்றரை மணி நேரமாக இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதுதான் டீக்கடைக்காரர் சொல்கிறார்: "பஸ் ஸ்டாண்ட் ரெண்டு இருக்கும்மா. இது புதுசு." அப்போ அவர் பழசுல நிக்கிறாரா? கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா?

"அட்ரஸ் சொல்லுங்க, வண்டி பிடிச்சுத் தர்றேன்."

தெரியாது. மேப் அனுப்பியிருந்தார். அது போனில்.

"சரி, நம்பர்?"

அதுவும் தெரியாது. கூடப்பிறந்த அண்ணன் நம்பர் தெரியல! எனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு? தெரிந்த ஒரே நம்பர் என்னுடையது. கடைக்காரர் போனில் அதற்கே அடித்தேன். மகள் எடுத்தாள்.

"அம்மா, 'எடுக்காதே'ன்னு ஒருத்தர் பதினோரு தடவை கூப்பிட்டார். நீதானே அப்படிப் போட்டு வச்சிருக்கே, அதான் எடுக்கல."

ஐயோ. சண்டை போட்ட அன்று நான் வைத்த பெயர். மாற்றவே இல்லை.

"அது மாமாடி! உடனே கூப்பிடு! புது பஸ் ஸ்டாண்ட்னு சொல்லு!"

மார்ச் 6

நேற்று வந்ததும் வராததுமாகக் கத்தினார். "நாலு மணியிலேர்ந்து கால் கடுக்க நிக்கிறேன். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா கிளம்பியிருப்பேன்." மகள் எல்லாவற்றையும் உளறியிருக்கிறாள், 'எடுக்காதே' உட்பட. எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"உங்க போன்ல என் பேரை என்னன்னு வச்சிருக்கீங்களாம்?"

"பேரா? போன வருஷம் நீ வராத அன்னிக்கே நம்பரை அழிச்சுட்டேன்."

"அப்புறம் எப்படிக் கூப்பிட்டீங்க?"

"மனப்பாடமா இருக்கே. என்ன பண்ணச் சொல்றே?"

நடுரோட்டில் நின்று அழுதேன். பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார்.

மார்ச் 8

காலையில் அவர் நம்பரைப் பார்க்காமல் எழுதிக் காட்டினேன். கடைசி இரண்டு இலக்கம் தப்பு. "இன்னும் பத்து தடவை எழுது" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டுப் போனார். இந்த வயதில் இம்போசிஷன்! ஏழு முடிந்தது.