செவலையின் இடக்கொம்பு

1952 ஜூன் 14

"ஸார், மாட்டுக் கொம்பை அறுத்தா ரத்தம் வருமா?" பல வருஷம் முன்பு நான் பாடம் நடத்திய எட்டாம் வகுப்பில் நேசையன் ஒருநாள் கேட்டான். "நகம் வெட்டினால் வருமா? அதுபோலத்தான்" என்றேன். வகுப்பே சிரித்தது.

இன்று தொழுவத்தில் எங்கள் பசு செவலையைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது. காங்கேயம் பசுவுக்குக் கொம்பு விலகிப் பின்னோக்கிப் போகும். இவளுக்கோ இடக்கொம்பு வளைந்து கண்ணை நோக்கி வருகிறது. இடையில் இரண்டு விரல் இடம்தான். நிறைசினை வேறு. நாளை நானே அறுத்துவிடுகிறேன்.

ஜூன் 15

மறுபடி வளரக்கூடாதே என்று கொம்பை ரம்பத்தால் பாதியில் அறுத்தேன். ரத்தம் சுவர்வரை பீறிட்டது. செவலை போட்ட சத்தம் இன்னும் காதில்.

பொன்னம்மை ஓடிவந்து துணியை அழுத்தினாள். "பிள்ளேளுக்குப் படிச்சுக் குடுத்தது போதாதா? மாட்டுக்கும் பாடம் எடுக்கணுமா?" பூதப்பாண்டியில் தன் பிறந்த வீட்டிலிருந்து அவள் கன்றாகக் கொண்டுவந்த பசு.

செத்துப்போனால்? வயிற்றில் இருப்பது?

ஜூன் 16

மாட்டு டாக்டர் சத்தியதாஸ் வந்தார். "எந்தா ஸாரே இது! நுனி மட்டும் போதுமாயிருந்தே. நுனி தாண்டினா உள்ளே எலும்பும் ரத்தமுமாக்கும். அறுத்த துவாரம் தலைக்குள்ள, மூக்குவரை போகுது. ஈ உட்காராம நோக்கணும்."

தாரில் நனைத்த துணி வைத்துக் கட்டினார்.

ஜூன் 19

விடாத மழை. எங்கு பார்த்தாலும் ஈ. செவலை வைக்கோலைத் தொடவில்லை. தலையை ஒருபக்கமாகச் சாய்த்தே நிற்கிறது. மூக்கில் சீழ் — ஐயோ, போயிருமோ? முருகா, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்!

ஜூன் 20

கட்டுக்குள் புழு. டாக்டர் எடுத்தார். நான் பார்க்கவில்லை.

ஜூன் 24

தவிடு குடித்தது. அரை வாளிதான். பொன்னம்மை என் பக்கம் திரும்பாமலே, "உங்களுக்கும் கஞ்சி இருக்கு" என்றாள்.

ஜூலை 11

கிடேரிக் கன்று. நெற்றியில் இரண்டு சுழி. கொம்பு அங்கேதான் முளைக்கும். தொட்டுப் பார்க்கப் போனேன். "கையில ரம்பம் இல்லையே?" என்றாள் பொன்னம்மை. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

நகத்தையும் ஒட்ட வெட்டினால் ரத்தம் வரும். உதாரணம் சரிதான், நான்தான் அதைப் பாதி சொல்லி நிறுத்திவிட்டேன். நேசையன் இப்போது நெய்யாற்றின்கரையில் மாடு வைத்திருக்கிறானாம். கார்டு எழுதிப் போட்டேன்:

"நேசையா, அன்று நான் சொன்னது பாதிதான். கொம்பின் அடியில் ஒரு கை, நுனியில் ஒரு கை வைத்துப் பார். சூடு தெரிகிற இடம்வரை ரத்தம் ஓடுகிறது; அங்கே ரம்பத்தை வைக்காதே."