மாதேவி வாசித்த வரி

ஜூலை 8

பின்சுவரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் புத்தகங்களை மாட்டிவிட்டேன். மூன்றாம் வகுப்புக்கு இனி தினமும் சாப்பாட்டு மணிக்குப் பிறகு வாசிப்பு நேரம். தலைமையாசிரியர் ருத்ரேஷ் சார் எட்டிப் பார்த்தார். "என்ன மிஸ், மழை நேரத்துல துணி காயப்போட்டிருக்கீங்க?"

சிரித்துவைத்தேன். உள்ளே எரிச்சல்தான்.

ஜூலை 11

சரளமாகப் படிக்கிற குழந்தை ஒன்று, எழுத்துக் கூட்டுகிற குழந்தை ஒன்று என்று ஜோடி சேர்த்துப் பாயில் உட்காரவைத்தேன். பிரணதிக்கு ஜோடி மாதேவி. மாதேவியின் அம்மா சிக்கம்மா கரும்பு வெட்டப் போகிறவள். போன வருடம் முழுக்க வாயே திறக்காத பெண், இன்று வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டு கூரை அதிரப் படிக்கிறாள். மணி அடித்தும் கயிற்றடியை விட்டு நகரவில்லை.

"இன்னொன்னு எடுத்துக்கட்டா மிஸ்?"

"கை கழுவிட்டு எடு."

ஓடிப்போய்க் கழுவிவிட்டு, பாவாடையில் துடைத்தபடி வந்தாள். இந்தக் கயிறு கட்டியது இவளுக்காகத்தான் என்று தோன்றியது.

ஜூலை 19

வட்டாரக் கல்வி அதிகாரி திங்களன்று வருகிறாராம். ஒத்திகை எதுவும் வேண்டாம். இருப்பதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 22

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அதிகாரி வந்தார். பிரணதி படித்தாள், தலையாட்டினார். "வேற யாராவது?" என்றார். மாதேவி கை தூக்கினாள். அவளாகத் தூக்கினாள். நான் கூப்பிடக்கூட இல்லை. கன்னடப் புத்தகத்தில் 'ஹக்கி ஹாரிது' என்று இருக்கிறது. பறவை பறந்தது. மாதேவி, "அக்கி ஆரிது" என்று கணீரென்று படித்தாள். அரிசி ஆறியது!

அதிகாரிக்குச் சிரிப்புத் தாளவில்லை. "ஆறிடுச்சா? அப்ப குழம்பு ஊத்து, சாப்பிடலாம்!" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

நானும் சிரித்தேன்.

வாய்விட்டு. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. எதற்கு? தப்பு என்று எனக்கும் தெரியும், நான் அப்படிப் பேசுகிற ரகம் இல்லை என்று அவருக்குக் காட்டவா? மாதேவி முதலில் தானும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை.

ஜூலை 24

அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "ஏய் அக்கி, தள்ளி உக்காரு."

பிரணதியை அதட்டினேன். "நீங்களும்தானே சிரிச்சீங்க மிஸ்?" என்றாள். திமிராகச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் கேட்டாள்.

ஜூலை 30

மாதேவி வாசிப்பு நேரத்தில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விரல் முதல் வரியிலேயே நிற்கிறது.

ஆகஸ்ட் 2

அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தேன். வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து 'ஹ' சொன்னால் காகிதம் ஆடும். 'அ' சொன்னால் ஆடாது. நான் செய்து காட்டினேன். அவளும் செய்தாள். காகிதம் ஆடியது. "பாத்தியா, எவ்வளவு சுலபம்!" என்று கை தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

செய்த தப்பைச் சரிக்கட்டிவிட்டதாக நினைத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஊருக்குப் போயிருந்தேன். "களியில ஆலு ஊத்தட்டா?" என்று கேட்டாள் அம்மா. ஹாலு இல்லை. ஆலு. எங்கள் வீட்டில் பாலுக்கு எந்தக் காலத்திலும் அதுதான் பெயர். நான் பிறந்த வீட்டிலும் 'ஹ' கிடையாது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் கண்ணாடி முன்னால் நின்று நின்று நாக்கில் ஏற்றிக்கொண்டதுதானே?

"என்ன கண்ணு, களி இறங்கலையா?" என்றாள். தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 13

சிக்கம்மா வந்தாள். வேலைக்குப் போகிற வழி. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எம் பொண்ணு நல்லாப் படிக்கிறாளா மிஸ்?"

"படிக்கிறா. ஏன் கேக்குறீங்க?"

"வீட்ல ஒரே கூத்து. நான் வாயைத் திறந்தா ஒரு காகிதத்தைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா பிடிக்கிறா. 'காகிதம் ஆடல, நீ தப்பா பேசுற. பள்ளிக்கூடத்துக்கு வந்தா பேசாதம்மா, மிஸ் சிரிப்பாங்க'ங்குறா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. "நான் என்ன மிஸ் பண்ணுவேன்? இந்த வயசுல என் வாய் திரும்புமா?"

அந்தக் கை வாயை விட்டுக் கடைசிவரை இறங்கவில்லை. பேசும்போதெல்லாம் மூடியே இருந்தது.

"நீங்க தப்பா பேசல சிக்கம்மா" என்றேன். "தப்பு பண்ணினது நான்." அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. "சரி மிஸ், நேரமாச்சு" என்று போய்விட்டாள்.

அய்யோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன் நான். சும்மாவாவது இருந்திருக்கலாமே. அம்மாவையே திருத்துறாளே அந்தப் பொண்ணு — அந்தக் காகிதத்தைக் கொடுத்தது என் கை.

ஆகஸ்ட் 14

வகுப்பில் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு. எங்க அம்மாவும் அக்கின்னுதான் சொல்வாங்க. வீட்ல நானும் அப்படித்தான் பேசுறேன். புத்தகத்துல ஹக்கின்னு எழுதுவோம், வாய்க்கு எது வருதோ அதைப் பேசுவோம். ரெண்டும் நம்ம கன்னடம்தான்." எங்கள் ஊர்ப் பேச்சிலேயே அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தேன். சிலர் சிரித்தார்கள், பிரணதி சிரிக்கவில்லை.

பிறகு மாதேவியிடம் தனியாக, "என்னை மன்னிச்சிடு" என்றேன்.

"பரவால்ல மிஸ்."

ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தை மிஸ்ஸிடம் வேறென்ன சொல்லும்? அவளுக்கு அதைத் தவிர வேறு வழியே வைக்காமல் கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 29

'அக்கி' என்று யாரும் கூப்பிடுவதில்லை. அவளும் படிப்பதில்லை.

செப்டம்பர் 6

ருத்ரேஷ் சார் கடிந்துகொண்டார். "உச்சரிப்பைத் திருத்துறது நம்ம வேலை மிஸ். அதுக்குப் போய் பசங்ககிட்ட மன்னிப்புக் கேப்பாங்களா? நாளைக்கு மதிப்பாங்களா?"

"திருத்தினதுக்குக் கேக்கல சார். சிரிச்சதுக்குக் கேட்டேன்."

மதிப்பு! அதைக் காப்பாற்றப் போய்த்தானே சிரித்தேன்.

செப்டம்பர் 17

முதல் வகுப்பு டீச்சர் ஷாஹிதாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு டிபன் டப்பாவை மூடினாள். "கமலாட்சி, நீ அவ மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்க. எப்ப படிப்பா, எப்ப நம்ம பாவம் தீரும்னு. அது அவளுக்குத் தெரியாதா? அவ உனக்காகப் படிக்கணுமா? வாசிப்பு நேரத்துல மட்டும் கொஞ்ச நாள் என்கிட்ட விடு. என் வாண்டுகளுக்குக் கதை சொல்ல ஆள் வேணும்."

சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

செப்டம்பர் 18

மாதேவியிடம் கேட்டேன். முதல் வகுப்புக்குப் போகிறாயா, இங்கேயே இருக்கிறாயா, உன் இஷ்டம் என்றேன். கயிற்றிலிருந்து இரண்டு புத்தகங்களைக் கழற்றிக்கொண்டு முதல் வகுப்புப் பக்கம் போனாள்.

அக்டோபர் 1

ஷாஹிதா ஒன்றும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

நவம்பர் 12

ஷாஹிதா விடுப்பு. முதல் வகுப்பையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார் சார். என் வகுப்புக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு அங்கே போனால், வராந்தாவிலேயே மாதேவியின் குரல் கேட்டது. யானை குளத்தில் இறங்குகிற கதை. ஏழெட்டு வாண்டுகள் அவளை மொய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்று அவள் மடியிலேயே ஏறிவிட்டிருந்தது.

என் நிழல் பாயில் விழுந்ததும் நிமிர்ந்தாள். குரல் நின்றது. நான் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

மடியிலிருந்தது அவள் கன்னத்தைப் பிடித்துத் திருப்பியது. "அக்கா, யானை முங்கிடுச்சா? சொல்லுக்கா!"

மாதேவி உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். பிறகு படித்தாள். முன்னைப்போலவே சத்தமாக.