ஜன்னலில் ஒரு குளவிக்கூடு

என் அன்பு மனைவிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் வயிற்றிலிருக்கும் வாண்டும் சுகம்தானே? கால் வீக்கம் வடிந்ததா?

என் அறை ஜன்னலில் குளவி ஒன்று மண்கூடு கட்டியது. படமெடுத்து, இணையத்தில் பூச்சிப் பிரியர்கள் குழுவில் போட்டேன். "குளவி கூடு கட்டினா வீட்டுல குழந்தை பிறக்கும்னு சொல்வாங்க. என் மனைவிக்கும் மாசம் நெருங்குது" என்று எழுதியதுதான் தாமதம், முகம் தெரியாதவர்களெல்லாம் "குட்டிக் குளவி வெளிய வந்துச்சா? குழந்தை வந்துச்சா?" என்று தினமும் நச்சரிக்கிறார்கள். கூடத் தங்கியிருக்கும் வெல்டர் அண்ணன் புழுக்கத்தில் புலம்பியும் நான் ஜன்னலைத் திறக்கவிடவில்லை.

நேற்று வேலை முடிந்து வந்து பார்த்தால், கூட்டில் ஓட்டை மட்டும்தான் இருந்தது. இத்தனை நாள் காவல் காத்தும், அது வெளியே வந்த நேரத்தில் நான் இல்லை.

வேலைக்குக் கூட்டிப்போக வந்த வேன் ஹாரன் அடிக்கிறது. வலி எடுத்தால், "பாவம், வேலையில இருப்பாரு" என்று யோசிக்காதே, உடனே கூப்பிடு. முதல் அழுகையைப் போனிலாவது கேட்டுவிடுகிறேன்.

உன்னவன்