தவக்காலத்தில் தொடாத கார்டு

பிப்ரவரி 11, 2025

அப்பாவின் கிரெடிட் ஸ்கோர் 641. பரீட்சையில் இவ்வளவு வாங்கினால் மாலை போடுவார்கள். இது தொள்ளாயிரத்துக்கு.

இரண்டு வருஷம் முன்னால் பேங்க் கடனில் பாதியைக் கட்டி, பேசித் தீர்த்துக்கொண்டார். மீதியை விட்டுக்கொடுத்த புண்ணியவான்கள் அதை ரிப்போர்ட்டில் எழுதியும் வைத்துவிட்டார்கள். சொந்த வேனுக்குக் கடன் கேட்டால், "700 வரட்டும், பாக்கலாம்" என்கிறான் ஃபைனான்ஸ்காரன். அதுவரை மோகன் அண்ணன் வேனில் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேலைதான்.

வரவைக்கிறேன் பார். பேங்க்கில் இருபதாயிரம் டெபாசிட் கட்டி வாங்கிய கிரெடிட் கார்டு இருக்கிறது. பால், ரீசார்ஜ் மட்டும் அதில். தேதிக்கு முன் முழுசாகக் கட்டிவிட வேண்டும். ஐடியா என்னுடையது.

சாயங்காலம் அப்பாவுக்கு பேங்க் மேடம் குரலில் போன் போட்டேன். "ஜோசப்ராஜ் சார், உங்க நாணயத்துக்குப் பரிசா ஒரு கறவை மாடு."

"கட்ட எடம் இல்லியே மேடம்!"

கேட்டிருந்தால் எங்கள் பட்டாபிராம் ஏரியாவே சிரித்திருக்கும்.

மார்ச் 5

சாம்பல் புதன். எல்லா வீட்டிலும் கறியை விடுவார்கள். அப்பா கார்டை விட்டுவிட்டார்! "ஈஸ்டர் வரிக்கும் அத்தத் தொட மாட்டேன்." பில்லையும் பார்க்க மாட்டாராம்.

"கறிய விட்டா கோழிக்கு லாபம். கார்ட விட்டா யாருக்குப்பா?"

அம்மா தலையில் ஒரு கொட்டு வைத்தாள்.

ஏப்ரல் 3

டியூஷன் முடிந்து வந்தால் அப்பா கை குலுக்குகிறார். "இன்னிக்கி சூப்பர்மா ஷாரன். 'டியூ பாக்கி கீது சார்'னு அப்டியே பேங்க்காரி மாரியே. போனை வெய்யி வாலுன்னு கட் பண்ட்டேன்."

நான் போனே செய்யவில்லை.

"தேங்க்ஸ்பா" என்றேன்.

ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 22

609.

கார்டுக்கு வருஷச் சந்தா ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய். தொடாத கார்டுக்கும் உண்டாம். கட்ட வேண்டிய நாள் தவறிவிட்டது.

கிருபாகரன் மாமா, அம்மாவின் அண்ணன், வந்து ஸ்கோரைப் பார்த்துவிட்டு, "மாப்ள, உனுக்கு வண்டி ஓட்டத்தான் ராசி, வாங்க இல்ல" என்றார். அப்பா அவருக்கு டீ ஊற்றினார். எனக்குத்தான் பற்றி எரிந்தது. மாமா மேலா, என் மேலா?

ஏப்ரல் 23

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் போன் செய்தது நான் இல்லை, பாராட்டுக்கு ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டேன் என்று.

"அப்போ பேங்க்காரம்மாவையா வாலுன்னேன்?" சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ராத்திரி சாப்பிடவில்லை.

ஏப்ரல் 25

பேங்க்கில் கார்டு விஷயம் பார்க்கும் ஹேமாவதி மேடம். நடந்ததை நானே சொன்னேன். சிரித்தார். ஆனால் அசையவில்லை. "சந்தாவைத் திருப்பித் தர கேட்டுப் பார்க்கிறேன். நாள் தவறினது நிஜம்தானேம்மா, அதை எப்படி அழிப்பேன்?"

அப்போ கஷ்டப்பட்டுக் கட்டினதெல்லாம்? அதை யார் எழுதுவா? — கத்திவிட்டேன். அப்பா கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

"700 வர எத்தினி மாசம் ஆவும்?"

"ஏழு, எட்டு."

"ஆவட்டும். இன்னா இப்போ? மொதல்லேந்து போலாம்."

ஏப்ரல் 26

சந்தா, பால், கார்டு பில்லில் வரும் எல்லாம் பேங்க் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்தாயிற்று. விரதம் இருந்தாலும் போகும்.

ஜூலை 9

631. போடா ஃபைனான்ஸ்காரா.

அக்டோபர் 2

668. அப்பாவுக்குக் காய்ச்சல். வேன் ஓட்டவில்லை. ஆனால் பில் கட்டியாயிற்று.

டிசம்பர் 14

702.

மதியம் கிருபாகரன் மாமா வந்தார், கையில் பிளம் கேக். கடைக்கு லோன் போடுகிறாராம்; ஜாமீன் கையெழுத்து வேண்டுமாம். "உன் ஸ்கோரு நல்லாக்கீதாமே மாப்ள. ஒரே ஒரு கையெழுத்து. குடும்பத்துக்குள்ள இன்னா?"

அப்பா அவர் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.

"சோறு எத்தினி வாட்டின்னாலும் போடுறேன் மச்சான். கையெழுத்து போட மாட்டேன்."

மாமா கை கழுவாமலே எழுந்தார். அம்மாவைப் பார்த்தார். "நீ இன்னா ஜெயசீலி சொல்ற?"

அம்மா வாசல்வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. பிறகு மேஜைமேல் கிடந்த வேன் லோன் ஃபாரத்தை எடுத்து, அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் 'ஜாமீன்தாரர்' கட்டத்தில் தன் போட்டோவை ஒட்டினாள்.