என் பெயரில் ஒரு மொட்டை பாக்கி

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

இடது முழங்கால் விடிவதற்குள் வீங்கிவிட்டது. நேற்று பைக்கிலிருந்து இறங்கும்போது லேசாக ஒரு சுளுக்கு, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது சுளுக்கு. எனக்கு உள்ளே ரத்தக் கசிவு.

ஹீமோஃபிலியா. ரத்தத்தை உறைய வைக்கிற எட்டாம் நம்பர் புரதம் என் உடம்பில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. என் ரத்தத்துக்குக் கிளம்பத் தெரியும், நிற்கத் தெரியாது. முப்பத்தொரு வயதுவரை ஊசியும் ஐஸும்தான் துணை. ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் மீன் வைக்க அம்மா யாரையும் விட்டதில்லை. அது என் காலுக்கான ஐஸ் இருக்கிற இடம்.

ஆபீஸுக்கு லீவு. காரைக்கால் பக்கம் நெரவி கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்பு இறப்புப் பதிவு என்னுடைய மேஜை. ஆகவே இன்று நெரவியில் யாரும் பிறக்கவில்லை, யாரும் சாகவும் இல்லை.

மதியம் சென்னையிலிருந்து டாக்டர் தேவிகாவின் போன். மரபணு சிகிச்சை, ஆராய்ச்சிக் கட்டத்தில் இருக்கிறதாம். "உங்க பேரையும் குடுத்திருக்கேன் அகஸ்டின். முதல்ல ரத்தம் எடுத்துப் பாக்கணும். வர்றீங்களா?"

ரத்தம் எப்போதும் தாராளமாக வரும் டாக்டர், என்றேன். சிரித்துவிட்டார்.

12 பிப்ரவரி, புதன்

"வைரஸையா ஏத்தப் போறாங்க? கொரோனா மாதிரியா?" என்று அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள்.

உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். "என் ஆபீஸ் பீரோ தெரியும்ல? பதிவேடு அதை விட்டு வெளிய வராது. அதான் டிஎன்ஏ. யாராவது கேட்டா நகல் எடுத்துக் குடுப்பேன். அதான் ஆர்என்ஏ. உடம்பு அந்த நகலைப் பாத்துப் புரதம் செய்யும், வேலை முடிஞ்சதும் நகலைக் கிழிச்சுப் போட்டுடும். என் பதிவேட்டுல எட்டாம் நம்பர் பக்கம் தப்பாயிருக்கு. மூலமே தப்பு. எத்தனை நகல் எடுத்தாலும் தப்பாத்தான் வரும்."

"அடிச்சுத் திருத்த வேண்டியதுதானே?"

"இந்த வைத்தியத்துல திருத்த மாட்டாங்க. சரியா எழுதுன ஒரு தனித்தாளை பீரோவுக்குள்ள சொருகிடுவாங்க. வைரஸ் வெறும் கவர்தான். அதோட சொந்தச் சரக்கை எடுத்துட்டு நம்ம தாளை வச்சு அனுப்புறாங்க. நேரா கல்லீரலுக்குப் போகும்."

"கல்லீரல்லயா இருக்கும் அந்தத் தாளு?"

இதை மட்டும் இரண்டு தடவை கேட்டாள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

அப்புறம் துணியைப் பார்த்தபடியே, "அந்தத் தப்பு எங்கிட்டேருந்துதானே ஒனக்கு வந்துச்சு" என்றாள்.

எக்ஸ் குரோமோசோம் பெண்ணுக்கு இரண்டு, ஒன்றில் தப்பு இருந்தாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும்; ஆணுக்கு ஒன்றுதான்; உன் இரண்டில் எது எனக்கு வரும் என்பது சீட்டுக் குலுக்கல், யார் குற்றமும் இல்லை என்று சொன்னேன். மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். எதைச் சொல்லியும் அம்மாவைச் சிரிக்கவைத்துவிடுவேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் பருப்பு வேகாது.

16 பிப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்து தங்கச்சி ஜூலியட் வரிச்சிக்குடியிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் என் தலையைத்தான் பார்த்தாள். "இது பலிச்சா மொட்டை உனக்குத்தான்."

அவள் கோபம் நியாயமானது. தவழ்கிற வயதில் நான் விழுந்து உதட்டைக் கடித்துக்கொண்டு, ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. பிள்ளையைக் காப்பாத்து, முடியைக் குடுக்கிறேன் என்று வேளாங்கண்ணி மாதாவிடம் அம்மா நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்தேன். ஆனால் கத்தி தலைப்பக்கமே வரக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மாதாவிடம் கடன் வைக்கலாமா? எனக்குப் பெரிய கசிவு வந்த போதெல்லாம் அம்மா ஜூலியட்டைக் கூட்டிப்போய் மொட்டை அடித்தாள். மூன்று முறை. கடைசி மொட்டை அவள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது. குரூப் போட்டோவில் அவளைத் தேட வேண்டியதே இல்லை.

6 மார்ச், வியாழன்

ரத்தப் பரிசோதனையில் பாஸ்! இந்த வைரஸை என் உடம்பு முன்பே சந்தித்திருந்தால் வாசலிலேயே அடித்து விரட்டிவிடுமாம், மருந்து வீணாம். சந்திக்கவில்லை. நான் யாரோடும் பழகுவதில்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாளே, அது ஒருவழியாக உதவிவிட்டது.

டாக்டர் நிபந்தனைகளைப் படித்தார். கல்லீரலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், மது தொடக்கூடாது. பழக்கமில்லை டாக்டர் என்றேன். எந்த ஊர் என்றார். காரைக்கால் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை கேட்டார்.

கொஞ்ச காலத்துக்குக் குழந்தை பெற்றுக்கொள்ளக் கூடாது என்றும் இருக்கிறது. பக்கத்தில் அம்மா. "அதுக்கு முதல்ல கல்யாணம் ஆவணும்ங்க" என்றாள், என்னைக் கேட்காமலே.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. தனித்தாள் பதிவேட்டோடு தைக்கப்படுவதில்லை. எனக்குப் பெண் பிறந்தால் அவளுக்குப் போவது பழைய, தப்பான பக்கம்தான். என் கதைதான் மாறும், வம்சத்தின் கதை மாறாது. சரி, முதலில் என் கதை மாறட்டும்.

10 ஏப்ரல், வியாழன்

மருந்தை ஏற்றிவிட்டார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தது. அம்மாவுக்கு ஏமாற்றம். "கலரு கூட இல்லையே?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

11 ஏப்ரல், வெள்ளி

அதே நான். அதே முழங்கால்.

15 மே, வியாழன்

பத்தொன்பது சதவீதம்!! ஊசி போடாமல், என் கல்லீரல் தானே செய்தது. பிறந்ததிலிருந்து ஒன்றைத் தாண்டாதவன் நான். ஆபீஸில் ஒரு குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும்போது அப்பாக்காரரைவிட நான்தான் அதிகமாகச் சிரித்திருக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

12 ஜூன், வியாழன்

முப்பத்தொன்று. வயதைப் பிடித்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை என்றாள்.

26 ஜூன், வியாழன்

பதினாலு. பாதிக்கும் கீழ. ரத்தத்துல கல்லீரல் பாதிப்பைக் காட்டுற எண்கள் ஏறியிருக்காம். தாள் இருக்கிற செல்லையே உடம்பு எதிரின்னு நினைச்சு அடிக்க ஆரம்பிச்சிருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. ஸ்டீராய்டு மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கணும். முழுசாப் போயிட்டா மறுபடி ஏத்த முடியாது. இப்ப உடம்புக்கு அந்த வைரஸை நல்லா அடையாளம் தெரிஞ்சுபோச்சு.

ஒரே தடவைதான். ஒரே ஒரு தடவை. அதுவும் போயிடுமா? எதுக்கு இவ்வளவு ஆட்டம் போட்டேன்? ஆபீஸ்ல எல்லாருக்கும் பால்கோவா வேற வாங்கிக் குடுத்தேன்.

அம்மாகிட்ட சொன்னேன். மோர் கொண்டுவந்து குடுத்துச்சு.

29 ஜூன், ஞாயிறு

மோர் ஏன் கசக்கிறது?

ஸ்டீராய்டால் நாக்கு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இன்று டம்ளரின் அடியில் பச்சையாக ஒரு வண்டல். கொல்லைப்பக்கம் போனேன். அம்மியில் கீழாநெல்லி. பாதி அரைத்தபடி, வேரோடு.

"எப்பேருந்தும்மா?"

"ஒரு மாசமா."

"யாரு குடுக்கச் சொன்னா? எழுதிக் குடுத்திருக்கேன்மா, நாட்டு மருந்து எதுவும் சாப்பிட மாட்டேன்னு!"

"கல்லீரல்லதான் அந்தத் தாளு இருக்குன்னு நீதானே சொன்னே? கல்லீரலுக்கு இதைவிட நல்லது எதுடா? மஞ்சக்காமாலைக்கு ஊரே குடிக்கிது. நான்தான் ஒனக்குத் தப்பைக் குடுத்தேன். இதையாவது சரியாக் குடுக்கலாமேன்னு…"

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பாடம் நடத்தியவன் நான். மாணவி கவனமாகக் கேட்டிருக்கிறாள். எந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு மாணவி கிடைப்பாள்?

30 ஜூன், திங்கள்

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "எண்கள் ஏறுனது உங்க உடம்பாலயா, உங்க அம்மாவாலயான்னு இப்ப எனக்குத் தெரியாது. அதுதான் பிரச்சினையே. அம்மாகிட்ட போனைக் குடுங்க."

அம்மா எழுந்து நின்று பேசினாள். "சரிங்க… சரிங்க… இல்லீங்க, இனிமே தொட மாட்டேங்க… வேப்பம்பூ ரசம் வைக்கலாங்களா?" காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். வைக்கக்கூடாது போலிருக்கிறது.

24 ஜூலை, வியாழன்

பதினாறு. ஸ்டீராய்டால் முகம் பூசணிக்காயாக உப்பிவிட்டது. பசியோ பசி. எங்கள் வீட்டில் ஆட்டுக் கல்லீரல் வறுவலுக்கு மட்டும் தடை. அம்மாவின் சொந்த உத்தரவு. "பாவம், அதுவும் ஒரு கல்லீரலுதானே" என்கிறாள்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஜூலியட்டின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. அவளுக்கு வந்தது நல்ல பக்கம். பிறக்கப்போகிற பிள்ளைகளுக்குப் பயமில்லை.

போனில் கத்தினாள். "பாத்தியா அண்ணா, மூணு மொட்டை! சும்மாவா?"

சீட்டு அவள் பிறக்கும் முன்பே விழுந்துவிட்டது என்று விளக்கப்போனேன். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். இனி என்னைப் பாடம் நடத்த விடமாட்டார்கள்.

20 நவம்பர், வியாழன்

ஸ்டீராய்டு நிறுத்தியும் எண் இறங்கவில்லை. இருபத்தாறு. மூன்றாவது முறையாக அதே அளவு. கெட்டுப்போன முழங்கால் மூட்டு திரும்ப வராது, எத்தனை வருடம் தாங்கும் என்றும் தெரியாது, ஆனால் சின்னக் காயத்துக்குப் பயம் வேண்டாம் என்றார் டாக்டர்.

"அப்ப மொட்டை போடலாமா?" என்றேன்.

வாழ்க்கையில் இதுவரை எந்த நோயாளியும் அவரிடம் இதைக் கேட்டதில்லையாம். "புது பிளேடு மாட்டச் சொல்லுங்க" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகம் வெளுத்துவிட்டது. "கத்தியா? வேணாம்யா. ஜூலியட்டுக்கே இன்னொரு தடவ அடிச்சிடுவோம்."

ஜூலியட் இரண்டு நாளாக எங்கள் போனை எடுக்காததன் காரணம் இப்போது புரிகிறது. அவளுக்கு முன்கூட்டியே வாசனை அடித்திருக்கிறது.

10 ஜனவரி 2026, சனி

வேளாங்கண்ணி. ஜூலியட் முதல் ஆளாக பஸ் ஏறிவிட்டாள், வேடிக்கை பார்க்க. அம்மா ஒரு பை நிறைய ஐஸ், பஞ்சு, அவசர ஊசி எல்லாம் எடுத்து வந்தாள். முடி எடுக்கிறவர் பையைப் பார்த்துவிட்டு, "மொட்டைதானேம்மா?" என்று கேட்டார்.

உட்கார்ந்தேன். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன். தண்ணீர் ஊற்றி, புது பிளேடு மாட்டி, நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். முக்கால்வாசி முடிந்தபோது ஜூலியட் ஏதோ சொன்னாள். நான் சிரித்துத் தொலைத்தேன். காதுக்குப் பின்னால் சுருக்கென்றது.

ரத்தம். ஈரத்தில் கரைந்து கழுத்தில் இறங்கியது.

அம்மா கத்தவில்லை. பஞ்சை வைத்து அமுக்கினாள், அவ்வளவுதான். முப்பது வருடப் பழக்கம். எந்த நர்ஸுக்கும் அந்தக் கை வராது. ஜூலியட் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். எனக்குள் ஒன்றே ஒன்று ஓடியது: நகல் எடு, நகல் எடு, நகல் எடு.

கொஞ்ச நேரம் கழித்து முடி எடுக்கிறவர் பஞ்சை விலக்கிப் பார்த்தார். "அம்மா, நின்னுபோச்சும்மா. கையை எடுங்க, மிச்சத்தை எடுத்துடுறேன்."

அம்மா கையை எடுக்கவில்லை. பஞ்சை மறுபடியும் வைத்து அமுக்கிக்கொண்டாள். தோளில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. அது ரத்தம் இல்லை.

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நானும் கையை எடுக்கச் சொல்லவில்லை.

12 ஜனவரி, திங்கள்

மொட்டைத் தலையோடு இறப்புச் சான்றிதழ் மேஜையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டும். காலையிலிருந்து எல்லோரும், "யாருங்க தவறிட்டாங்க?" பழைய பாக்கிங்க, என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மேல்தட்டில் மீன்.